சந்தனப் பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

மூன்று நாளாக எங்கள் வீட்டில் இரண்டு புது ஹார்டு டிஸ்க்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு போட்டோகூட இன்னும் ஏற்றவில்லை. சோதனைதான் நடக்கிறது. டிஸ்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எதையாவது எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டும், இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அதைக் கணினியே செய்துகொள்கிறது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது. அதுதான் எனக்கு வரமாட்டேன் என்கிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், அறுபத்தொரு சதவீதம். பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், அப்போதும் அறுபத்தொன்றுதான்.

"ஏனுங்க, புதுசுதானே? புதுசா வாங்குனதுல அப்பிடி என்னத்தத் தேடறீங்க?" என்றாள் மனைவி, என் கையிலிருந்த கரித்துணியைப் பிடுங்கிக்கொண்டே.

நியாயமான கேள்வி. இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இப்போது கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

வீட்டில் சர்வர் வைத்திருக்கிறேன் என்றதும் பெரிதாக ஏதும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று, துணி அலமாரியின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் இருப்பதெல்லாம் இன்னொன்றிலும் இருக்கும், ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். முதலில் எங்கள் வீட்டுப் போட்டோக்கள் மட்டும்தான் இருந்தன. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகன் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். இடம் போதாமல் போய்த்தான் இந்தப் புது டிஸ்க்குகள்.

ஒன்றைச் சேலத்துக் கடையிலும் மற்றதைக் கூரியரிலும் வாங்கினேன். ஒரே கடையில் வாங்கினால் இரண்டும் ஒரே நாளில் செய்த சரக்காக இருக்கும், ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வந்துவிடும் என்று ஒரு பயம். வந்ததும் பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்தேன். இதற்குமுன் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று, அந்தக் கணக்கைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் டிஸ்க்கையே கேட்டேன், பழசைப் புதுசு என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காதை வைத்துக்கூடக் கேட்டேன். மகள் பார்த்துவிட்டு, "அப்பா டாக்டர் வேலை பாக்கறாரு" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

வெள்ளி நிற உறையைக் கிழித்தபோது ஒரு வாசனை வந்தது. குளிர்ந்த இரும்பும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. அது வந்ததும் மனசு நேராகப் பழைய சேலம் பஸ் ஒன்றில் போய் நின்றுவிட்டது. கையில் துண்டு, துண்டுக்குள் ஒரு ஹார்டு டிஸ்க், எனக்கு இருபத்திரண்டு வயது.

அப்போது ஏற்காட்டில், ஒண்டிக்கடை என்கிற இடத்தில் செல்வியக்கா நடத்திய ஸ்டுடியோவில் வேலை. விசேஷங்களுக்குப் போய் வீடியோ எடுப்பது, எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, சிடியாக்கிக் கொடுப்பது. அக்கா கல்லாவையும் போட்டோவையும் பார்த்துக்கொள்வார், வீடியோ என் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்துக்கு எதிரி ஈரம். ஏற்காட்டில் ஐப்பசி வந்தால் உப்பு தண்ணீராகிவிடும், தீக்குச்சி பற்றாது, கேமரா லென்ஸில் பூஞ்சை படரும். அதனால் மரப்பெட்டி ஒன்றில் நாற்பது வாட் பல்பு எரியவிட்டு, கேமராவையும் டிஸ்க்கையும் அதற்குள் வைத்திருப்போம். குளிர்காலத்தில் அக்கா தன் கையையும் அதற்குள்தான் விட்டுக்கொள்வார்.

பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது. புதுசு வாங்கச் சேலம் போனேன். திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் டிஸ்க் குலுங்கக் கூடாது என்று பின்சக்கரத்துக்கு மேல் இருந்த சீட்டை ஓர் அம்மாளுக்கு விட்டுக்கொடுத்தேன். அந்த அம்மாள் நல்ல பையன் என்று நினைத்திருப்பார். நின்றுகொண்டே, டிஸ்க்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மலை ஏறினேன். கண்டக்டர், "என்னங்க தம்பி, முட்டையா?" என்று கேட்டார். இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தவன் அடுத்து என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. பொட்டு வைக்காமல் புதுப் பொருளை எடுத்து வேலை செய்வது எங்கள் கடையில் வழக்கமில்லை. எங்கள் கடையில் என்ன, மலையிலேயே இல்லை. ஜீப், மிளகு அடிக்கும் மெஷின், தராசு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கேமரா, ஸ்டாண்ட், கீபோர்டு எல்லாம் வரிசையில் இருக்க, நடுவில் புது டிஸ்க்கை வைத்தேன். அதன் முதுகில் அழகாக ஒரு சின்னத் துளை. பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம்போல இருந்தது எனக்கு. குழைத்த சந்தனத்தைத் துளையில் அழுத்தி, சுற்றிலும் வட்டமாக்கி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

"எடம் பாத்து வெச்சிருக்கீங்க தம்பி. நொம்ப லட்சணமா இருக்குது" என்றார் செல்வியக்கா.

அந்தத் துளையை மூடக் கூடாது என்றுதான் இங்கிலீஷில் எழுதியிருந்தது. உள்ளே காற்று போய்வர, டிஸ்க் மூச்சுவிடுகிற துளை அது. படிக்கத் தெரிந்தவன்தான், ஆனாலும் படிக்கவில்லை.

அன்று சாயங்காலமே பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புதியதற்கு மாற்றினேன். மாறியதும் பழையதை அழித்துவிட்டேன், அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமே. "ரெண்டு நாள் பாத்துட்டு அழிக்கலாமுங்களே" என்று அக்கா கேட்டார். "புதுசுதானக்கா" என்றேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். நாலாவது தடவை அந்தச் சத்தமும் இல்லை.

அதில் பத்துப் பதினைந்து வீட்டு விசேஷங்கள் இருந்தன. மற்றவர்களுக்கு ஏற்கெனவே சிடி கொடுத்தாகிவிட்டது. கொடுக்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று, வாழவந்தி கிராமத்துப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்த முருகேசண்ணன் மகளின் காதுகுத்து. ஆவணியில் நானே போய் எடுத்தது. அதை அப்போதே கொடுத்திருக்கலாம். குழந்தையின் முகத்தைச் சுற்றிப் பூவிதழ்கள் பறக்கிறமாதிரி செய்து காட்டுகிறேன் என்று நான்தான் இழுத்தடித்தேன். என் கைவண்ணத்தைக் காட்டாமல் இருந்திருந்தால் அந்த வீடியோ பிழைத்திருக்கும்.

டிஸ்க் நின்ற அதே வாரத்தில், கிளை கழிக்க சில்வர் ஓக் மரம் ஏறிய முருகேசண்ணன் மழையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார்.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சேலம் ஓடினேன். ரிப்பேர் பார்ப்பவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த ஓட்டையில சந்தனத்த அப்புனது?" என்றார்.

"கடையில யாரோ வெச்சுட்டாங்க" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"இதனால போச்சா, வரும்போதே கோளாறோட வந்துச்சான்னு இனி சொல்ல முடியாதுங்க. எடுத்ததும் நம்பக் கூடாது. ரெண்டு நாள் முழுசா ஓட்டிப் பாத்திருந்தா அதுவே காட்டிக்குடுத்திருக்கும், மாத்தியும் வாங்கியிருக்கலாம்." அப்புறம் மெதுவாக, "பழச ஏனுங்க அழிச்சீங்க?" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பழனியம்மா கடைக்கு வந்தார், முருகேசண்ணனின் மனைவி. சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, காதுகுத்துப் படம் ரெடியாயிருச்சுங்களா? போட்டோ ஊட்ல இருக்குதுங்க. பேச்சுத்தான் இல்ல. அதுல அவரு பேசுனாருங்களே."

பேசியிருந்தார். அரை நிமிஷம். நான்தான் பேசச் சொன்னேன்.

"அடுத்த வாரம் வாங்கக்கா" என்றேன்.

அந்தச் சமயத்தில் டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பியிருந்தோம், ஏதாவது மீளும் என்று ஒரு நப்பாசை. ஒன்றும் மீளாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அடுத்த வாரம் என்றேன். எத்தனை ஞாயிறு என்று எண்ணவில்லை, மழை நின்று பனி ஆரம்பித்துவிட்டது. பஸ் வரும் சத்தம் கேட்டாலே வாசலை எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஆறடி ஆள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே வெளியில், "தம்பி வெளிய போயிருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பினார். பிறகு உள்ளே வந்து, "எத்தன நாளைக்கு அவங்கள அலைய உடறது? நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா?" என்றார். வெட்கமாக இருந்தது. நான் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு சொன்னேன். சந்தனத்தையும் சொன்னேன், பழையதை அழித்ததையும் சொன்னேன், பூவிதழையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மரப்பெட்டியின் பல்பையே பார்த்தார்.

"நீங்க பாத்தீங்கள்ல தம்பி? எத்தன வாட்டி பாத்திருப்பீங்க?"

"வெட்டி ஒட்டும்போது ஒரு முப்பது நாப்பது வாட்டி பாத்திருப்பேன்க்கா."

"அப்பச் சொல்லுங்க. என்ன சொன்னாரு, எப்பிடிச் சொன்னாருன்னு அப்பிடியே சொல்லுங்க."

சொன்னேன். அண்ணா, பாப்பாவுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க என்று நான் கேட்கிறேன். அவர் கேமராவைப் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைக்கிறார். "என்னத்தச் சொல்றதுங்க. அவ அழுதான்னா நானும் அழுதுபோடுவேன். நீங்க அந்தப் பக்கம் போயி எடுங்க தம்பி" என்கிறார். சிரிக்கிறார். அப்புறம் திரும்பி, "ஏ பழனி, தம்பிக்குப் பாயசம் குடுத்தியா?" என்கிறார். அவ்வளவுதான்.

"குடுத்தனே" என்றார் பழனியம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதன்பிறகும் சந்தைக்கு வந்தால் கடைக்கு வருவார். "ஒருக்காச் சொல்லுங்க தம்பி" என்பார். நான் சொல்வேன், அவர் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. செய்த தப்பை வாரா வாரம் ஒப்பிக்கிறமாதிரி இருந்தது. சீக்கிரம் சொல்லி முடித்து அனுப்பப் பார்ப்பேன். துண்டை விட்டுவிடுவேன், சிரிப்பை விட்டுவிடுவேன். "மூஞ்சியத் தொடச்சாருங்களே" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

மாசி மாதம் போல ஒரு ஞாயிறு. கடையில் கூட்டம். கேமராவைத் துடைத்துக்கொண்டே கடகடவென்று சொல்லி முடித்தேன். பழனியம்மா கிளம்பவில்லை.

"காப்பி குடுத்தியான்னா கேட்டாரு?"

"ஆமாக்கா."

"போன வாட்டி பாயசம்னீங்க."

துடைத்துக்கொண்டிருந்த கேமராவைக் கீழே வைத்தேன். அன்று பந்தியில் பாயசமும் இருந்தது, காபியும் இருந்தது. கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் திரும்புகிறார், வாய் அசைகிறது, பாயசம் என்று நினைத்தால் பாயசமாகக் கேட்கிறது, காபி என்று நினைத்தால் காபியாகக் கேட்கிறது.

"நீங்க எதக்கா குடுத்தீங்க?" என்றேன், ஏதாவது பிடி கிடைக்குமா என்று.

"ரெண்டும்தான் குடுத்தேனுங்க. அவரு எதக் கேட்டாரு?"

நான் கேமராவை மறுபடி கையில் எடுத்தேன். பழனியம்மா கோபப்படவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "உட்டுருங்க தம்பி, இனிமேச் சொல்ல வேண்டாம். நீங்க மாத்தி மாத்திச் சொன்னீங்கன்னா எங்கிட்ட இருக்கறதும் கலஞ்சுபோயிரும்" என்றார். அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. சந்தையில் எதிரில் பார்த்தால் நல்லா இருக்கீங்களா என்று கேட்பார், அதோடு சரி.

செல்வியக்கா ஸ்டுடியோவை மூடிவிட்டு மகனோடு இருக்க மலையை விட்டுக் கீழே போய்விட்டார். கையிலிருக்கும் போனிலேயே எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஸ்டுடியோ எதற்கு? அந்த இடத்தில் இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்குச் சாக்லேட் விற்கிறார்கள். முருகேசண்ணன் குடியிருந்த எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளை இடித்துக் காட்டேஜ் கட்டியாகிவிட்டது. காதுகுத்து நடந்த வாசல் எது என்று போய்த் தேடினேன், புல்தரையும் ஊஞ்சலும்தான் இருந்தன. பழனியம்மா மகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே காலமாகிவிட்டார் என்று வாழவந்திக்காரர் ஒருவர் பஸ்ஸில் சொன்னார்.

அந்த மகளுக்கு இப்போது பதினெட்டு வயதாவது இருக்கும். ஒருநாள் தேடிக்கொண்டு வந்து, எங்கப்பா என்ன பேசினார் என்று கேட்டால் சொல்ல வேண்டுமே என்று, அவ்வப்போது அந்த அரை நிமிஷத்தை எனக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன். துண்டு வருகிறது, சிரிப்பு வருகிறது. குரல் முருகேசண்ணனுடையதாக இல்லை, சொல்லிச் சொல்லி என் குரலாகவே ஆகிவிட்டது. அவர் கேட்டது பாயசமா காபியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள இனி யாரும் இல்லை.