நெட் ஸ்லோ என்று நான் சொன்ன நாள்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வாயை நம்பித்தான் போய் நின்றேன். தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. நல்ல மனுஷி, ஆனால் எதையும் லேசில் நம்பமாட்டார்.

"கண்ணு தெரியாம கம்ப்யூட்டர்ல என்னம்மா பண்ணுவ?"

திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது, எனக்குக் காதுதான் கண் என்று அளந்துவிட்டேன். "பத்தாங்கிளாஸ் ரிசல்ட் அன்னைக்கு வாரேன் சிஸ்டர். எல்லாப் பிள்ளைகளுக்கும் நானே பாத்துச் சொல்றேன். அப்புறம் வேலை குடுங்க."

அளந்தேனே தவிர, அது பொய்யில்லை. வீட்டில் ரிசல்ட் இணையதளத்தில் பழைய வருடத்துத் தேர்வு எண்களைப் போட்டுப் பழகியிருந்தேன். எண்ணைத் தட்டி எண்டர் அடித்தால் புதுப் பக்கம் திறக்கும். பெயர், மதிப்பெண், பாஸா பெயிலா எல்லாவற்றையும் குரல் தானாக ஒப்பித்துவிடும். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

ரிசல்ட் அன்று பிள்ளைகள் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். சிஸ்டரும் பின்னால் வந்து நின்றார். முதலில் வந்தவள் வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண். தன் தேர்வு எண்ணைச் சொன்னாள்.

"பெயிலானா மில்லுக்குப் போகச் சொல்லிட்டாங்கக்கா."

அவள் அம்மாவும் அக்காவும் ஏற்கனவே நூல் மில்லுக்குப் போகிறவர்களாம். "அதெல்லாம் ஆகமாட்ட தாயி" என்று ஜோசியம் சொல்லிவிட்டு எண்டர் அடித்தேன்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

"செத்த பொறு, நெட் ஸ்லோவா இருக்கு" என்று மறுபடி அடித்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. இத்தனை நேரம் கசமுசவென்றிருந்த பிள்ளைகள் கப்சிப் என்று ஆகிவிட்டார்கள். என் திறமையைத்தான் வாய்பிளந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அசட்டுத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? "நல்ல மார்க்குன்னா வர்றதுக்கு நேரமாகும்" என்று தமாஷ் வேறு. யாரும் சிரிக்கவில்லை. திரும்பவும் எண்டர்.

தோளுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அப்பவே வந்துருச்சு. கணக்குல பெயிலு. இனிமே அடிக்காதீங்கக்கா."

அந்த இணையதளத்தை ரிசல்ட்டுக்கென்று புதுப்பித்திருக்கிறார்கள். இப்போது புதுப் பக்கம் எதுவும் திறப்பதில்லை. எண்ணைப் போட்ட அதே பக்கத்தில், கட்டத்துக்குக் கீழே முடிவு வந்து நின்றுவிடுகிறது. பார்வை உள்ளவர்களுக்கு வசதிதான். என் மென்பொருளுக்கோ எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. அவள் தோற்றதை வகுப்பு முழுவதும் பார்க்க, நான் திரும்பத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தேன். அதை அவளே வாய்விட்டு எனக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

பல வருடங்கள் கழித்து இணையதளம் செய்கிற ஒருவர் விளக்கினார். முடிவு வந்து நிற்கும் இடத்துக்கு 'இது மாறும், மாறினால் படித்துச் சொல்' என்று உள்ளே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தால் போதுமாம், குரல் வந்திருக்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதுவரை தப்பு முழுக்க என்னுடையது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இன்று இணையதளங்களைச் சோதித்துச் சொல்வதும் எனக்கு ஒரு வேலை. யார் என்ன செய்துகொண்டு வந்தாலும், "இது மாறினா எனக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்காமல் விடுவதில்லை. சிலர் முகம் சுளிப்பதாகக் கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். சுளிக்கட்டும்.

ஆத்திரம் வந்தும் வெட்கம் போகவில்லை. காரணம் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். வேலை போயிற்றே என்றுதான் அழுதேன்.

சில நாட்களில் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். வேலை எனக்குத்தான் என்றார். என்னால் நம்ப முடியவில்லை.

"அந்தப் பெயிலான புள்ளதாம்மா அன்னைக்கே என் ரூமுக்கு வந்து நின்னுச்சு. அக்கா மேல தப்பில்ல சிஸ்டர், அவுங்க சரியாத்தான் அடிச்சாங்க, கம்ப்யூட்டர்தான் அவுங்ககிட்ட சொல்லலன்னுச்சு."

இதைக் கேட்டுவிட்டு நான் கேட்ட கேள்வி, "எப்பலருந்து சிஸ்டர் வரணும்?"

பள்ளி திறந்த பிறகுதான் அவளைப் பற்றி விசாரித்தேன். மில்லில் சேர்ந்துவிட்டாளாம். தோற்றது ஒரே பாடம், உடனே மறுதேர்வு எழுதியிருக்கலாம். பணம் கட்டும் தேதி அதற்குள் முடிந்திருந்தது. "யாராச்சும் டீச்சரு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுத விட்டுருப்பாங்க மிஸ்" என்றாள் அவளுடைய தோழி. அந்த நாட்களில் நான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகச் சேலை எடுத்துக்கொண்டிருந்தேன்.