தலையில் விழும் தண்ணீர்

இன்று விழுப்புரத்தில், புது வீட்டுக் குளியலறைக்குச் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரர் ஷவரைத் திறந்து காட்டினார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"இன்னா சார், தண்ணிக்கா பயந்துக்கினு ஓடுறீங்க?"

பயமில்லை. தலையில் விழும் தண்ணீர் எனக்கு ஊசியாகக் குத்தும்.

எண்பத்துநாலில் எங்கள் ஊர் கெடாரில், பம்புசெட்டுக் குழாயடியில் நான் அலறியதும் அப்பா பூசாரியிடம் இழுத்துப்போனார். "புள்ளையப் பேய் புடிச்சிக்கினு கீதுங்க."

பூசாரி சொன்ன பரிகாரம்: மூன்று வெள்ளிக்கிழமை, தலையில் ஒன்பது குடம் மஞ்சள் தண்ணீர்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அலறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேய் ஓடிவிட்டது என்றார்கள்.

அன்றிலிருந்து குளியலறைக் கதவைத் தாழிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறேன். வேண்டாம் என்பதற்கு வீட்டில் காரணம் சொல்ல முடியாமல் ஷவரையும் வாங்கிவிட்டேன்.

என்னைப் போல யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு எத்தனை குடம்?