படைக்கும் முன்னே எடுத்து வைத்தது

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குள் பாடும்போது மட்டும்தான் ஒற்றுமை. ஒரு வீட்டில் பூ வைக்கக் கூடாது, இன்னொரு வீட்டில் சினிமா கூடாது, பெந்தெகொஸ்தே வீடுகளில் தோடு மூக்குத்தி எதுவும் ஆகாது. நானோ காதில் ஜிமிக்கி, தலையில் மல்லி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் என்று இருந்தவள். திருநெல்வேலிப் பக்கம் மூன்று தலைமுறையாக சர்ச்சுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. எனக்கு யாரும் புதிதாக விசுவாசம் சொல்லித்தர வேண்டாம் என்ற மிதப்பு உண்டு. இன்றும் கொஞ்சம் உண்டு.

எதிர் வீட்டுப் பெண் அப்படியில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தவள். நெமிலிச்சேரிக்காரி. பட்டாபிராமில் ஒரு தகரக் கொட்டகைச் சபைக்குத் தனியாகப் போய்வருவாள். அவள் கணவர் சாமி கும்பிடுகிறவர். அவரும் என் கணவரும் ஃபேக்டரியில் ஒரே செக்‌ஷன்.

ஆயுத பூஜைக்கு ஃபேக்டரியில் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, படைத்த பொரியை ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பார்கள். சில கிறிஸ்தவர்கள் வாங்கவே மாட்டார்கள். சிலர் வாங்கி வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடுவார். “உண்டாக்கினது ஆண்டவர், வெளைய வச்சது விவசாயி. நடுவுல மெஷினு என்னத்தப் பண்ணிரும்?” என்பார். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஒரு வருஷம் பூஜைக்கு மறுநாளே ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். என் கணவர் அந்தப் பொரியில் வெங்காயம், பச்சைமிளகாய், மல்லித்தழை நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, டீயோடு தானே பரிமாறினார். எதிர் வீட்டுப் பெண் இரண்டாவது கைப்பிடி எடுக்கும்போது என்னைக் கேட்டாள்.

“பொரி நல்லாக்கீது சிஸ்டர், எங்க வாங்கினீங்க?”

“வாங்கல. ஃபேக்டரில குடுத்தது.”

அவள் மெல்வதை நிறுத்தினாள். எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். வாய் கொப்பளிக்கும் சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“ரெண்டு வருஷமா எங்க ஊட்ல படைக்கிறத நான் தொடறதில்ல சிஸ்டர். அதுக்காவ அவர்கிட்ட எவ்ளோ சண்ட போட்டுகீறேன். இப்போ உங்க ஊட்ல துன்னுட்டேன்னு அவர்கிட்ட எப்டி சொல்லுவேன்? இனிமே படையல் வேணாம்னு எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றது?”

பைபிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுப் பலகாரத்தைத் துப்புவதா? மற்றவர்கள் ஆளுக்கொரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கொடுத்தது தப்பென்று ஒரு கட்சி, துப்பினது தப்பென்று ஒரு கட்சி. யாரும் டீயைத் தொடவில்லை. அவள் அதற்கப்புறம் கூட்டத்துக்கு வரவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தாலும் தலையைக் குனிந்துகொள்வாள்.

தீபாவளியை ஒட்டி வந்த அமாவாசையன்று, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவர், இறந்துபோன தன் அப்பா அம்மா படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா, உக்காருங்க” என்றார்.

இலையில் அவர் எதையும் வைக்கவில்லை. முதலில் ஒரு டிபன் கேரியரைத் திறந்து சோறு, சாம்பார், பொரியல், பாயசம், நாலு வடை என்று எடுத்துப் போட்டு மூடினார். அதை அடுப்படியில் அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகுதான் இலைக்குத் திரும்பினார். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“படைச்சிட்டா துன்ன மாட்டா. அதான் முன்னாடியே எடுத்து வெச்சிடறது. மொதல்ல சண்டதான். அப்புறம் இன்னா பண்றது? அவளுக்கு அது ஒத்துக்கல, எனக்கு ஒத்துக்குது. ரெண்டு பேரும் துன்னணும் இல்ல?”

பொரி விஷயத்தை அவள் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டாளாம். “அழுதுகினே சொன்னா. அவங்க தெரியாம குடுத்துட்டாங்க, அதுக்காவ அந்த ஊட்டுக்குப் போவாம இருக்காதன்னு நான்தான் சொல்லிகினே கீறேன்” என்றார்.

எங்கள் வேதத்தைத் திறந்தே பார்த்திராத மனிதர் அவர். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்தப் பெண்மேல் பொறாமையாகவும் இருந்தது. அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தாள். அடுத்தடுத்த வருஷங்களிலும் எங்கள் வீட்டுக்கு ஃபேக்டரி பொரி வந்தது, நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிடுவது தப்பென்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஜெபக்கூட்டத் தட்டில் மட்டும் அதை வைப்பதில்லை. ஆனாலும் நான் எதைக் கொடுத்தாலும் அவள், “இது எங்கேந்து சிஸ்டர்?” என்று கேட்பாள். வாழைப்பழத்தைக் கேட்பாள், கடை பிஸ்கட்டைக்கூடக் கேட்பாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும். சிரித்த முகமாகப் பதில் சொல்வேன்.

ஒரு வருஷம், பொங்கல் போய் வெகுநாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலைச் சுண்டல் செய்திருந்தேன். அவளிடம் தட்டை நீட்டிவிட்டு, கேள்விக்காக நின்றேன். அவள் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ தண்ணீர்க் கஷ்டம் பற்றிப் பேசிக்கொண்டே தட்டை வாங்கி, அப்படியே சாப்பிட ஆரம்பித்தாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.