நர்சம்மா பார்த்த மணி

நூற்றெட்டு வண்டி வராத காலம். மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் பக்கத்துக் குப்பத்தில் ஒரு கைக்குழந்தை ஜன்னி கண்டு இறந்த மறுவாரம், அது எப்படி இறந்தது என்று விசாரிக்கச் சுகாதார நர்சம்மா வந்தார். வெளுத்த நீலப் புடவை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் கட்டியிருந்தார். குழந்தையின் தாய் அதைத் தூக்கிக்கொண்டு அன்று ஓடிய வழியெல்லாம் தானும் நடந்து, நின்ற இடமெல்லாம் கையைத் திருப்பி மணி பார்த்து எழுதிக்கொண்டார். கடைசியில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தார்.

“அன்னிக்கு மத்தியானம் வூட்ல இருந்தீங்களா சார்?”

“இருந்தேன்.”

“காரு?”

“அதுவும் இருந்தது. என் மேல ஏதாவது எழுதப்போறீங்களா?”

“குத்தம் கண்டுபிடிக்க வரல சார். எதிர் பஸ் ஸ்டாப்புலதான் அந்தப் பொண்ணு புள்ளைய வெச்சிகினு முக்கா மணி நேரம் நின்னுகினு இருந்திருக்குது. உங்க கேட்டை ஏன் தட்டலன்னு கேட்டேன். பூட்டிக்கீதுன்னு சொல்லிச்சு. அடுத்த புள்ளைக்கு இங்க வந்து தட்டலாமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

“தட்டலாம்” என்றேன். அதற்குள் அவர் கையைத் திருப்பி மணி பார்த்துவிட்டார்.

இப்போது பகலில் கேட்டைப் பூட்டுவதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தையும் அவர் எழுதிக்கொண்டாரா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.