செலஸ்டினின் மாதிரி நோயாளி

மலேசியாவின் கோலா கெத்தில் என்ற ஊரில் செலஸ்டின் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. வண்டி ஓட்டும்போது மட்டும் அமர்வார். அதனாலேயே பத்தொன்பது ஆண்டுகள் தொழிற்சாலை வேன் ஓட்டினார். தோட்டத்து நோயாளிகளுக்கு நேரத்தில் வண்டி கிடைப்பதில்லை என்று வேலையை விட்டு ஆம்புலன்ஸ் நிறுவனம் தொடங்கினார். நிறுவனத்தின் மொத்த வண்டிகள்: ஒன்று.

அதுவும் எட்டு மாதமாக வாசலிலேயே நின்றது. லைசென்ஸ் இல்லாமல் நோயாளியை ஏற்றக்கூடாது. முதல் சோதனையில் தீயணைப்பான் இடப்பக்கம் இருந்தது குற்றம். இரண்டாவதில், கதவில் எழுதிய பெயர் இரண்டு விரல் குட்டை. உயிர் காப்பதில் எழுத்தின் உயரத்துக்குள்ள பங்கை ஊர் அன்றுதான் அறிந்தது. மூன்றாவதிலும் தோற்றால் விண்ணப்பம் ரத்து.

அந்த மூன்றாம் சோதனை நாளில் செலஸ்டின் விடிந்ததிலிருந்து வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு அதிகாரி குணவதி பன்னிரண்டு பக்கப் படிவத்தோடு வந்தார்.

"ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஆளப் படுக்க வச்சுக் காட்டணும் அண்ணே. மாதிரி நோயாளி."

பக்கத்து வீட்டு அய்யாவு அழைக்கப்பட்டார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர், அறுபத்தோரு வயதில் கிளினிக் வாசலை மிதித்ததில்லை என்பது அவர் பெருமை.

"படுத்தா போதுமா? இப்படி ஒரு வேல இருக்குன்னு முன்னாடியே தெரியாம போச்சே லா!"

உதவியாளராகச் சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் பிரேமாவதி மிஸ்ஸி அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். இருநூற்று இருபது. மறு கையில் இருநூற்று இருபத்து நாலு.

"அண்ணே, தல வலிக்குதா?"

"ஒரு வாரமா. வெயிலு லா. ஆமா, சோதனைக்கு ரெண்டு மேடமா வந்திருக்காங்க?"

வந்திருந்தது ஒரு மேடம்தான். செலஸ்டின் ஓட்டுநர் இருக்கைக்குப் பாய்ந்தார்.

"நில்லுங்க!" என்றார் குணவதி. "லைசென்ஸ் இல்லாம நோயாளிய ஏத்தினா கேஸ். வேற ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரமாகும் என்றார்கள்.

"மேடம், ஒன்பதாம் பக்கம் பாருங்க," என்றார் செலஸ்டின். "மாதிரி நோயாளிய வச்சு ரோட்டுல ஓட்டிக் காட்டணும்னு இருக்கு. எவ்வளவு தூரம்னு போட்டிருக்கா?"

குணவதி ஒன்பதாம் பக்கத்தைப் படித்தார். பத்தாம் பக்கத்தையும் புரட்டினார். பிறகு முன்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"ஓட்டுங்க. வேகமா."

அய்யாவு நேராக ஆஸ்பத்திரி வார்டில் சேர்க்கப்பட்டார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கை கால் விழுந்திருக்கும் என்றார் டாக்டர். குணவதி எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டார், கடைசிக் கட்டத்தைத் தவிர. மாதிரி நோயாளியை அதே வண்டியில் புறப்பட்ட இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து கையொப்பம் வாங்க வேண்டும். பதினாலு நாள் அவகாசம்.

இன்று ஒன்பதாம் நாள். வண்டி ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கிறது. சட்டப்படி அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்வை நேரம் தவறாமல் செலஸ்டின் ஆப்பிளோடு போய்க் கட்டிலைச் சுற்றினார். நோயாளியின் அழுத்தம் அந்த நேரத்தில் மட்டும் ஏறுவதை வார்டு மிஸ்ஸிகள் நேற்றுக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"தம்பி, ஆப்பிள மட்டும் குடுத்தனுப்பு," என்று அய்யாவு போனில் சொன்னார். "நீ வராத லா. நீ வராட்டிதான் நான் வர முடியும்."