கோட்டை வாசலில் செல்வராணியின் கைகள்

செல்வராணி பின்னோக்கி நடக்கிறார். பாசிர் கூடாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்திலிருந்து பிள்ளையார் மாடம் வரை, தினமும் காலையில். முகம் நம்மைப் பார்த்திருக்கும். கால் தானாகப் பின்னால் போகும். மாடம் வந்ததும் சரியாக நின்றுவிடுவார். முதுகுக்கு எப்படித் தெரியுமோ! "உனக்கு முதுகு காட்டிட்டேன், மன்னிச்சுக்கப்பா" என்று திரும்பி ஒரு கும்பிடு.

வயது ஐம்பத்தொன்று. தகர டப்பா ஆலையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். போன வருஷம் அவர் வேலை செய்த மெஷின் லைனை மூடிவிட்டார்கள். இப்போது சுற்றுலா வழிகாட்டி உரிமத்துக்குப் படிக்கிறார். கிடைத்துவிட்டால், சிங்கப்பூரிலிருந்து தமிழர்களை ஏற்றிவரும் ஒரு பஸ் கம்பெனியில் வேலை தயார். வழிகாட்டி ஆட்களைப் பார்த்தபடியே நடந்து பேசவேண்டுமாம். அதற்குத்தான் இந்தப் பின்நடை.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ஆட்களுக்கு முன்னால் பேசிக்காட்டும் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டது. "சத்தமே வரலன்னுட்டாங்க லா. டப்பா அடிக்கிற மெஷின் பக்கத்துல வாயால பேசினா யாருக்குக் கேக்கும்? எங்களுக்கு எல்லாமே கைதான்."

மறுதேர்வு வியாழக்கிழமை, மலாக்காவில், கடலோரம் இருந்த பழைய கோட்டையின் வாசலில். அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் கோயில் மாதர் குழு மலாக்கா போனது. ஒத்திகைக்கு எங்களையே பயணிகளாக்கிக்கொண்டார். எங்களில் பாதிப்பேர் அதே ஆலையில் வேலை செய்தவர்கள்.

அங்குள்ள பொய்யாத விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கோட்டைக்கு வந்தோம். செல்வராணி குறிப்பு ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அந்தக் காலத்துல கடல் இந்தச் சுவர் வரைக்கும்..." என்று ஆரம்பித்தார். முன்னால் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ராணி, நந்தி காதுல சொல்ற மாதிரி சொல்றியே!" என்றார் பழைய லைன் தோழி யோகேஸ்வரி. எல்லாரும் சிரித்துவிட்டோம். செல்வராணியின் முகம் சுண்டிப்போனது. அந்த நேரம் பார்த்து, பூவும் பொம்மையும் ஒட்டிய ரிக்‌ஷா ஒன்று பாட்டை அலறவிட்டபடி பக்கத்தில் வந்து நின்றது.

"அலமாக்!" என்று அலுத்துக்கொண்டு ஃபைலை யோகேஸ்வரியிடம் திணித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார் செல்வராணி.

முஷ்டியால் உச்சந்தலையில் ஒரு தட்டு. ஆலையில் அதற்கு, சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தமாம். இங்கே அவர் போர்ச்சுகீசியத் தளபதி. விரல்கள் நெளிந்து இறங்கின: எண்ணெய் கசியுது. இங்கே அது கடல். கைகளைக் குறுக்கே வைத்தார்: நிறுத்து. அதுதான் கோட்டைச் சுவர். ஆலைக்காரிகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். யோகேஸ்வரி என் காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிற்பாடு ஆங்கிலேயர்கள் வெடிவைத்துச் சுவரைத் தகர்த்த கதை வந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து மெல்லக் கீழே அமுக்கினார். "லைன் மூடியாச்சு" என்றார் யோகேஸ்வரி. யாரும் சிரிக்கவில்லை.

செல்வராணி மிஞ்சியிருக்கும் வாசலைக் காட்டினார். ஒற்றை விரலை உயர்த்திச் சுழற்றினார்.

"ஒரு மெஷின் இன்னும் ஓடுது" என்று அர்த்தம் சொன்னார் யோகேஸ்வரி.

ரிக்‌ஷாக்காரர் பாட்டை நிறுத்தினார். அப்போதுதான் தெரிந்தது, கையோடு சேர்ந்து செல்வராணியின் வாயும் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. "...அத்தனை சுவரும் போச்சு, இந்த வாசல் மட்டும் நிக்குது!" கல்லில் பட்டுத் திரும்பியது குரல். தள்ளி நின்ற சீனக் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. செல்வராணியே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு வாசலுக்குப் பின்னால் இருந்த குன்றின் உச்சி வரை அந்தக் குரல் ஓயவில்லை. படிகளையும் பின்னோக்கியே ஏறப் பார்த்தார். "பாத்து லா, நீ விழுந்தா எங்களுக்கு யாரு வழி காட்டுறது?" என்று நாலுபேர் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ் புறப்பட்டது. ஓட்டுநர் காளியப்பன் அழுத்திய அழுத்தில் எஞ்சின் உறுமியது. கடைசி இருக்கையிலிருந்து யோகேஸ்வரி ஃபைலை உயர்த்திக் காட்டிக் கத்தினார்: "ராணி! வியாழக்கிழமைக்கு இது வேணாமா?"

பஸ்ஸின் முன்னால், எங்களைப் பார்த்தபடி நின்றிருந்த செல்வராணி ஒற்றை விரலை உயர்த்திச் சுழற்றினார்.