ஆள் விட்டா கூப்பிடறது?

மதார் பாய்க்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், வாய் அதற்கும் முன்னால் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டோரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். ஓடுகிற லாரியின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட மனிதர் 1991-ஆம் வருஷ ரம்ஜானில் பள்ளிவாசலுக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார் என்றால், அதற்கும் அந்த வாய்தான் காரணம்.

ரம்ஜானின் கடைசிப் பத்து நாள் யாராவது ஒருவர் பள்ளியிலேயே தங்கி வணக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு இஃதிகாஃப் என்று பெயர். ஒருவர் இருந்தால் பள்ளியைச் சேர்ந்த தெருக்கள், அதாவது மொஹல்லா, முழுக்க இருந்த மாதிரி. ஒருவருமே இல்லையென்றால் மொஹல்லா முழுக்கக் குற்றம். வருஷா வருஷம் இருந்துகொண்டிருந்த கரீம் பாய் தை மாசம் மௌத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டார். "இந்தத் தடவை யார் இருக்கீங்க?" என்று தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் கேட்டதும் அத்தனை பேரும் பாயில் கோரையை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னாய்யா இது, இத்தினி பேர் கீறீங்க, ஒருத்தனுக்குக் கூடவா முடியல?" என்று மதார் பாய் சத்தம் போட்டார். எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்து அவரைப் பார்த்தன. மனிதர் மாட்டிக்கொண்டார்.

கடைச் சாவியைப் பக்கத்து டீக்கடை முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டு, தலையணையோடு பள்ளிக்குள் வந்து சேர்ந்தார். ஒதுங்கப் போவதைத் தவிர வேறு எதற்கும் படி தாண்டக் கூடாது. தாண்டினால் இருப்பு முறிந்துவிடும். முதல் இரண்டு நாள் பாவம், தவித்துத்தான் போனார். வெளியே வளைகுடாச் சண்டையைப் பற்றியும் வரப்போகிற எலெக்‌ஷனைப் பற்றியும் ஊரே பேசுகிறது, அவரால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியவில்லை. ரோட்டில் எங்கேயாவது டயர் வெடித்தால் ஓதுவதை நிறுத்திவிட்டு, முன் சக்கரமா பின் சக்கரமா என்று காது கொடுப்பார். அப்புறம் தவ்பா சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விட்ட இடத்தைத் தேடுவார்.

அவருக்குச் சாப்பாடு முறை வைத்து வந்தது. எல்லாருக்காகவும் உட்கார்ந்திருக்கிறவர் என்பதால் நாளைக்கு ஒரு வீடு என்று வழக்கம். வரிசையாக வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவது பாங்கு சொல்கிற மோதினார் இசாக்கின் வேலை. நான்காம் நாள் இசாக்கு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"நாளிக்கு கவுஸ் பாய் வூட்டு மொறை."

மதார் பாயின் முகம் மாறிவிட்டது. கவுஸ் அவருடைய கூடப் பிறந்த தம்பி. அடுத்த தெருதான். ஆனால் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி தன் மகனுக்குச் சுன்னத் விருந்து வைத்தபோது, வேலை நெருக்கடியில் அண்ணனை நேரில் வந்து அழைக்காமல் பந்தல்காரனிடம் சொல்லி அனுப்பிவிட்டான். மதார் பாய் நேராக அவன் வாசலுக்குப் போய், விருந்துக்கு வந்த அத்தனை பேர் முன்னால் கத்தினார்: "ஆள் விட்டா கூப்பிடற, நான் இன்னா மூணாம் மனுசனா? இனிமே உன் வூட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது." சொன்னபடியே இருந்தும் காட்டினார். பெருநாள் தொழுகையில்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலை.

"அந்த ஒரு வூட்ட வுட்டுடு இசாக்கு" என்றார்.

ஹஜ்ரத் காதில் அது விழுந்துவிட்டது. அவர் அதிர்ந்து பேசாத மனிதர். "மொஹல்லாவுக்காக உட்கார்ந்திருக்கீங்க பாய். அதுல ஒரு வீட்டை மட்டும் கழிச்சிட்டு அல்லாஹ்கிட்ட எப்படிக் கேப்பீங்க?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவருக்கு ஓதவே ஓடவில்லை. கண் வாசலிலேயே இருந்தது. தம்பி வருவானா, வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று யோசித்து யோசித்து, கடுகடுவென்று இருப்பதாக முடிவும் செய்துவிட்டார். தம்பி வரவில்லை. இசாக்குதான் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். கஞ்சி குடித்து நோன்பு திறந்து, மக்ரிபும் தொழுத பிறகு, வேண்டாவெறுப்பாக அதைத் திறந்தார்.

கறி எலும்பில்லாமல், விரலால் தொட்டாலே பிரிந்துவிடுகிற மாதிரி வெந்திருந்தது. சோறும் குழைய வடித்திருந்தது. மதார் பாய் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாசம்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியிருந்தார்கள். நாள் முழுக்க நோன்பிருந்துவிட்டு மென்று தின்ன அவர் படுகிற பாடு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். பேசாமல் இருந்த தம்பி விசாரிக்காமல் இருக்கவில்லை. முதல் கவளத்திலேயே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே முழுதும் சாப்பிட்டார்.

"இசாக்கு, ஒரு எட்டு போயி நான் கூப்பிட்டேன்னு கவுஸாண்ட சொல்லு."

இசாக்கு போன வேகத்தில் திரும்பி வந்தார். உள்ளே வராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சொன்னான்?"

"அது வந்து... 'எங்கண்ணன் ஆள் விட்டா கூப்பிடறாரு?'ன்னு கேட்டாரு."

மதார் பாய் வாயைத் திறந்தார். கோபம் வரவில்லை. அவர் சொல்லே ஆறு வருஷம் கழித்து அவரிடம் திரும்பி வந்திருக்கிறது, யாரைக் கோபித்துக்கொள்வது? விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் தம்பி வீட்டு மாடி விளக்கு தெரியும். ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

"பாய், படி" என்றார் இசாக்கு.

தூக்கிய காலை உள்ளே வைத்துக்கொண்டார். படியைத் தாண்டத் தடையே இல்லாத ஆறு வருஷமும் அவர் தாண்டவில்லை. இப்போது கால் பறக்கிறது, தாண்டக் கூடாது. இதை நினைத்து அன்று அவர் நொந்துகொண்ட மாதிரி என்றைக்கும் நொந்துகொண்டதில்லை. அதற்குப் பிறகு ரோட்டில் டயர் வெடித்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. துஆவுக்குக் கை ஏந்தினால் முதல் பேர் கவுஸ்தான்.

பிறை தெரிந்ததும் ஜமாஅத்தார் வந்து கட்டித் தழுவினார்கள். இஃதிகாஃப் இருந்த ஆளை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவது வழக்கம். வீட்டில் மனைவி ஜுலேகா பாயசம் காய்ச்சி வைத்திருந்தாள். மதார் பாய் கழுவித் துடைத்து வைத்திருந்த தம்பி வீட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு படியிறங்கி, தன் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினார். கூட்டமும் ஒன்றும் கேட்காமல் பின்னாலேயே போனது.

தம்பி வீட்டுக் கதவைத் தட்ட இசாக்கு கையை ஓங்கினார்.

"நகரு. நான் கூப்பிட்டுக்கறேன்" என்று அவரை ஒதுக்கிவிட்டு, "கவுஸு" என்றார் மதார் பாய்.

கவுஸ் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள்.

"நாளிக்குப் பெருநாள். நீ, உன் பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாரும் எங்க வூட்டுக்குச் சாப்பிட வரணும். நேர்ல வந்து சொல்லிக்கினேன்."

கவுஸ் கேரியரை வாங்கிக்கொண்டான்.

"கறி பல்லுக்கு ஒத்துக்கினிச்சா?"

பெங்களூர் ரோடு வரைக்கும் கேட்கிற குரல் மதார் பாய்க்கு அப்போது எழும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கவுஸ் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். மதார் பாய் அன்று கத்தின அதே வாசலில், ஊர் பார்க்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.